இராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

முன்னுரை

சீனிவாச இராமானுஜன் 1915ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் உயர் பகு எண்களைப் பற்றிய நெடிய கட்டுரையொன்றை வெளியிட்டார். தன்னினும் சிறிய எண்கள் எவற்றைக் காட்டிலும் மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண் எனப்படும். சான்றாக, 12க்கு 6 வகுத்திகள் உள்ளன. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் 4க்கு மேல் இல்லை. இவ்வாய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. கட்டுரையில் இடம்பெற்ற அட்டவணை 6746328388800 வரை, அதாவது ஏறத்தாழ 6,74,632 கோடி வரை நீள்கிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் உருவான அவ்வட்டவணையில் ஓர் எண் மட்டும் விடுபட்டுள்ளது. அவ்வெண் 293318625600 ஆகும். அதன் இயல்புகளையும் அது விடுபட்ட சூழலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணின் அமைப்பு

விடுபட்ட எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 எனக் கிடைக்கும். ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை பெறப்படும். அவ்வாறு 7 × 5 × 3 × 3 × 16 என்பது 5040 ஆகிறது. உயர் பகு எண்ணில் பகா எண்கள் இடைவிடாது தொடரும் என்பதும், அவற்றின் அடுக்குகள் ஏறுவதில்லை என்பதும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர ஏனையவற்றில் இறுதி அடுக்கு 1 ஆகவே அமையும் என்பதும் இராமானுஜன் நிறுவிய முடிவுகள். அவர் காணத் தவறிய எண்ணும் அவர் வகுத்த இம்மூன்று விதிகளுக்கும் முற்றிலும் உட்பட்டே நிற்கிறது.

விடுபட்ட சூழல்

இவ்வெண்ணுக்கு முன்னுள்ள உயர் பகு எண் 240940299600. அதன் வகுத்திகள் 4800. பின்னுள்ளது 321253732800; அதன் வகுத்திகள் 5376. இவ்விரண்டிலும் 23 என்னும் பகா எண் இடம்பெறுகிறது. 7 ஒருமுறையே வருகிறது. இடைப்பட்ட எண்ணிலோ 23 இல்லை. 7 இருமுறை வருகிறது. அண்டை எண்களின் போக்கிலிருந்து விலகிய இவ்வமைப்பே அது கண்ணில் படாமற்போகக் காரணமாயிற்று எனக் கருத இடமுண்டு. மற்றொன்றும் இங்கு நோக்கத்தக்கது. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண்ணாகிய 6746328388800 கிடைக்கிறது. பன்மடங்கைக் கண்டடைந்தவர் அதன் மூலத்தைத் தவறவிட்டார்.

வெளிவராத பகுதி

கழகத்தின் நிதி நெருக்கடியால் அன்று கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அப்பகுதி ழான்-லூயி நிக்கோலா, கி ரோபன் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997இல்தான் வெளியாயிற்று. ரீமான் கருதுகோளை மெய்யெனக் கொண்டு, வகுத்திகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாக இயலும் என்பதை இராமானுஜன் அதில் ஆராய்ந்திருந்தார். 1984இல் ரோபன், அக்கூட்டுத்தொகைக்கான குறிப்பிட்டதொரு மேல்வரம்பு 5040ஐ விடப் பெரிய எல்லா எண்களுக்கும் பொருந்துவதும் ரீமான் கருதுகோள் மெய்யாவதும் ஒன்றே என நிறுவினார். விடுபட்ட எண்ணின் வகுத்திகளும் 5040 என்பது தற்செயல் ஒற்றுமையே; அதற்கு வேறு பொருள் காண்பது பொருந்தாது.

முடிவுரை

அட்டவணையின் குறையால் கட்டுரையின் தேற்றங்கள் எதுவும் தளரவில்லை. அவை அட்டவணையைச் சார்ந்து எழுந்தவை அல்ல. இராமானுஜனின் முடிவுகள் உள்ளுணர்வால் மட்டுமே வந்தவை என்னும் பொதுக்கருத்தை இவ்விடுபாடு மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. ஒன்றன்பின் ஒன்றாக எண்களை ஒப்பிட்டுக் கணக்கிட்ட கடும் உழைப்பின் தடம் இது. உழைத்துக் கணக்கிடுவோர்க்கே இத்தகைய பிழை நேரும்.