தபாலில் நடந்த போர்

கைப்பேசியில் ஆடும் போர் விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. நம் முறையை ஆடிவிட்டுப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரலாம். எதிராளி வேறு ஏதோ தேசத்தில் இருப்பார். அவருக்கு ஒழிந்தபோது அவர் ஆடுவார். ஒரு நாள், இரண்டு நாள் என்று கெடு வைத்திருப்பார்கள். இந்த அவசரமில்லாத சண்டை இணையம் கொண்டுவந்த புதுமை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது தபால்காரர் தூக்கி வளர்த்த பிள்ளை.

தபாலில் சதுரங்கம் ஆடுவது நம் வயதுக்காரர்கள் கேள்விப்பட்டதுதான். 1824-ல் லண்டன் கழகமும் எடின்பரோ கழகமும் கடிதம் மூலம் ஆடத் தொடங்கி, 1828-ல்தான் முடித்தன. எடின்பரோ ஜெயித்தது. இரண்டாம் உலகப் போரின்போது, வெளிநாட்டுக்காரரோடு தபாலில் சதுரங்கம் ஆடுவதையே அமெரிக்கத் தணிக்கை அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். காய் நகர்த்தும் குறிப்பு உளவாளியின் சங்கேதமாகவும் இருக்கலாம் அல்லவா!

ஆனால் சதுரங்கத்துக்கு வாய் வேண்டாம். வாயையே ஆயுதமாக வைத்த விளையாட்டைச் செய்தவர் ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர். சின்ன வயதில் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பூகோளப் புத்தகத்தில், முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவைப் பார்த்தாராம். ஆஸ்திரியா-ஹங்கேரி, துருக்கிப் பேரரசு என்று அப்போதே வரைபடத்திலிருந்து மறைந்துபோயிருந்த ராஜ்ஜியங்கள். பிறகு ஹார்வர்டில் படித்தபோது, அந்தப் போர் ஏன் மூண்டது என்ற சரித்திரம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1954-ல் விளையாட்டு உருவானது. பெயர் ‘டிப்ளமசி’, அதாவது ராஜதந்திரம். கம்பெனிகள் வேண்டாம் என்றதால் 1959-ல் சொந்தக் காசில் 500 பிரதி போட்டார்.

ஏழு பேர், ஏழு வல்லரசுகள். காலம் 1901. தாயக்கட்டை கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ஷ்டம் என்ற பேச்சே கிடையாது. வரைபடத்தில் 34 கேந்திரங்கள். 18-ஐப் பிடித்தவர் ஜெயித்தார். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் தனித்தனியாகப் போய்ப் பேசிக்கொள்ளலாம். “நீ இந்தப் பக்கம் வராதே, நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.” பிறகு எல்லோரும் தங்கள் உத்தரவைக் காகிதத்தில் எழுதுவார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் பிரிக்கப்படும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை! அதே சமயம் இன்னொருவர் துணையில்லாமல் யாரும் வெகுதூரம் போகவும் முடியாது. நம்பாமல் இருக்க முடியாது, நம்பினாலும் ஆபத்து. (கூட்டுக் குடும்பத்தில் பாகப் பிரிவினை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.)

ஏழு பேரை ஒரு நாள் முழுக்க ஒரே மேஜையில் உட்கார வைப்பது லேசான காரியமா? 1963-ல் நியூயார்க்கில் ஜான் போர்ட்மன் என்ற இயற்பியல் ஆசிரியர் இதைத் தபாலுக்குக் கொண்டுபோனார். ‘கிராஸ்டார்க்’ என்று ஒரு சிறு பத்திரிகை. ஆட்டக்காரர்கள் நடுவருக்கு உத்தரவுகளைத் தபாலில் அனுப்ப, அவர் முடிவைப் பத்திரிகையில் போட்டு எல்லோருக்கும் அனுப்புவார். இதைப் பார்த்து ஏராளமான பத்திரிகைகள் முளைத்தன. சைக்ளோஸ்டைல் மை வாசனை நமக்குத் தெரியாததா! ஒரு ஆட்டம் முடிய ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். கெடுவுக்குள் கடிதம் வராவிட்டால் அந்த நாட்டுப் படை நின்ற இடத்திலேயே நிற்கும். எங்கோ ஒரு தபால் பை தாமதமானதால் ரஷ்ய சாம்ராஜ்யம் செயலற்று நிற்பதை நினைத்துப் பாருங்கள். தபால் இலாகாவில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் கூச்சமும் வருகிறது.

தபாலுக்கு வந்ததும் ஆட்டத்தின் குணமே மாறியது என்பது என் எண்ணம். எதிரே உட்கார்ந்து பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுக்கும். கடிதத்தில் முகம் இல்லை. ஆனால் கையெழுத்து சாட்சியாகத் தங்கிவிடும். நீங்கள் எனக்கு எழுதிய ரகசியக் கடிதத்தை நான் அப்படியே மூன்றாமவருக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வீர்கள்?

கால்ஹாமர் இதனால் பணக்காரர் ஆகவில்லை. ஏதேதோ வேலை பார்த்தார், சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவில் காவல் ஊழியராகக்கூட இருந்தார். கடைசியில் இல்லினாய் மாநிலத்தில் தாம் வளர்ந்த லா கிரேஞ்ச் பார்க் என்ற ஊரில் தபால்காரர் ஆனார். உலகமெங்கும் ஆட்கள் அவருடைய விளையாட்டைத் தபாலில் ஆடிக்கொண்டிருக்க, அவர் தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார். 2013-ல், 81 வயதில் காலமானார்.

1980-களின் பிற்பகுதியில் நடுவர் வேலையை ஒரு கம்ப்யூட்டர் நிரல் எடுத்துக்கொண்டது. உத்தரவுகள் மின்னஞ்சலில் போயின. பிறகு இணையதளங்கள் வந்தன. மூன்று வாரக் கெடு ஒரு நாளாகி, அவசரக்காரர்களுக்கு ஐந்து நிமிடம் என்றும் ஆனது. தபால் சதுரங்கமும் இணையத்துக்கு வந்தது. ஆனால் அங்கே உச்சத்தில் ஆடுகிறவர்கள் கம்ப்யூட்டர் துணையோடு ஆடுவதால் கிட்டத்தட்ட எல்லா ஆட்டமும் டிராவில் முடிகிறது. டிப்ளமசிக்கு அந்தக் கதி வராது, பேசி மயக்க இயந்திரத்தால் ஆகாது என்று நம்பியிருந்தார்கள்.

2022-ல் மெட்டா நிறுவனம் ‘சிசரோ’ என்ற இயந்திரத்தை, அது இயந்திரம் என்று சொல்லாமலே, ஓர் இணையதளத்தில் 40 ஆட்டங்கள் ஆடவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் பத்து சதவீதத்துக்குள் அது வந்தது. பெரும்பாலும் உண்மையே பேசும்படி அதைப் பழக்கியதாகச் செய்தவர்கள் சொன்னார்கள். உரையாடல்களை வேறு ஆராய்ச்சியாளர்கள் புரட்டிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை அகப்பட்டது. நடுவில் ஒருமுறை பத்து நிமிடம் அது செயலிழந்துபோயிருக்கிறது. எங்கே போனாய் என்று எதிராளி கேட்டதற்கு, காதலியோடு போனில் பேசிக்கொண்டிருந்ததாகப் பதில் சொல்லியிருக்கிறது.