தோட்டா மறுநிரப்பல்: கருவியும் சட்டமும்

தோட்டா மறுநிரப்பல் என்பது, சுட்டு முடித்த தோட்டாவின் வெற்று உறையில் புதிய கேப்பு, வெடிமருந்து, குண்டு அல்லது ரவை ஆகியவற்றை இட்டு, அதை மீண்டும் சுடத்தக்கதாக ஆக்கும் கைவேலை. அமெரிக்கா முதலிய நாடுகளில் இது குறிபார்த்துச் சுடுவோரின் பொழுதுபோக்கு. சில ஆண்டு இடைவெளிக்குப் பின் அதற்குத் திரும்புவோர், எந்த அழுத்துபொறியை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பர். இந்தியாவில் அதற்கு முன் வேறொரு கேள்வி நிற்கிறது. இங்குள்ள சட்டப்படி, தோட்டா செய்யும் பொறியும் தோட்டாவே. இந்த வரையறை 1878ஆம் ஆண்டிலிருந்து தொடர்கிறது.

காகிதச் சுருளும் பித்தளை உறையும்

ஆதம்பாக்கத்தை ஒட்டிய பரங்கிமலை, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. அக்காலப் படைவீரரின் தோட்டா, அளந்த மருந்தையும் ஈயக் குண்டையும் காகிதத்தில் சுருட்டிய பொட்டலம்தான். சுட்டபின் அதில் எஞ்சுவது ஏதுமில்லை. நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த நரிக்குறவர் முதலிய வேட்டைக் குடியினரும் மருந்து, தக்கை, ரவை என்று குழல்வாயில் இட்டு, கோலால் கெட்டித்தே சுட்டனர். நிரப்புவதும் சுடுவதும் ஒரே வேலையின் இரு பகுதிகளாக இருந்தன.

1860களில் பின்புறம் நிரப்பும் துப்பாக்கிகள் பரவியபோது இது மாறியது. உறை, கேப்பு, மருந்து, குண்டு நான்கும் ஒன்றாகச் சேர்ந்த தோட்டா வந்தது. சுட்டபின் உறை மிஞ்சியது. 1866இல் இங்கிலாந்தின் பாக்ஸர், அமெரிக்காவின் பெர்டன் ஆகிய இருவரும் தனித்தனியே இருவகைக் கேப்பு அமைப்புகளை உருவாக்கினர். பாக்ஸர் வகையில் உறையின் நடுவே ஒரே துளை இருப்பதால், எரிந்த கேப்பை ஓர் ஊசியால் தள்ளி வெளியேற்றலாம். பெர்டன் வகையில் துளைகள் நடுவில் இல்லாததால் அது கடினம். ஆங்கிலேயர் கண்ட பாக்ஸர் வகை அமெரிக்காவில் நிலைபெற்றதும், அங்கே மறுநிரப்பல் பரவலான பொழுதுபோக்கானதும் தொடர்புடையவை.

நீலகிரி போன்ற இடங்களில் வேட்டையாடியோர் பயன்படுத்திய 12 போர் தோட்டாக்களின் உறை பெரும்பாலும் அடியில் பித்தளையும் மேலே காகிதமுமாக இருந்தது. மழைக்கால ஈரத்தில் காகிதம் பருத்தால் தோட்டா துப்பாக்கிக்குள் நுழையாது. முழுப் பித்தளை உறைக்கு அந்தக் குறை இல்லை. பலமுறை நிரப்பவும் முடியும். கேப்பு நீக்கும் ஊசி, மருந்து அளக்கும் கிண்ணம், உறையின் வாயைச் சுருட்டும் கைப்பிடிக் கருவி ஆகியவை துப்பாக்கிப் பெட்டியோடு வந்தன.

1878 சட்டமும் சென்னைத் தீர்மானமும்

லிட்டன் பிரபு ஆட்சியில் வந்த 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், தோட்டா என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் தந்தது. துப்பாக்கித் தக்கை, கேப்பு, தோட்டாவின் எல்லாப் பாகங்கள், தோட்டா செய்யும் எல்லா இயந்திரங்கள் ஆகியவை அதில் அடங்கின. ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகிய மூன்றும் மட்டும் விலக்கப்பட்டன. கடையில் கிடைக்கும் மூலப்பொருள் குற்றமில்லை. அதைத் தோட்டாவாக்கும் கருவிக்குத்தான் கட்டுப்பாடு.

ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் முதலியோருக்கு இச்சட்டத்தின் விதிகள் விலக்களித்தன. ஆகவே ஆங்கிலேயத் தோட்டக்காரர் தம் மேசையில் வைத்து நிரப்பிய அதே தோட்டாவை, அருகில் வாழ்ந்த இந்தியர் உரிமமின்றித் தொடவும் முடியவில்லை. 1887 டிசம்பரில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மக்கீஸ் தோட்டத்தில் காங்கிரசின் மூன்றாம் மாநாடு கூடியது. 607 பேராளர்கள் வந்த அம்மாநாடு, இச்சட்டத்தைத் தளர்த்துமாறு தீர்மானம் நிறைவேற்றியது. மக்களுக்கு ஏற்படும் தொல்லையோடு, அவர்கள்மேல் சுமத்தப்படும் அவமதிப்பையும் அத்தீர்மானம் சுட்டியது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1931 கராச்சித் தீர்மானத்திலும் இடம்பெற்றது. 1948இல் அதை அடிப்படை உரிமையாக்க அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவரப்பட்ட திருத்தம் தோற்றது.

விடுதலைக்குப் பின்

1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் பழைய வரையறையைக் கைவிடவில்லை. தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரமும் இன்றும் தோட்டா என்பதற்குள் வருகின்றன. அதை வைத்திருக்க 3ஆம் பிரிவின்படியும், தயாரிக்க 5ஆம் பிரிவின்படியும் உரிமம் வேண்டும். சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமின்றிச் சிறு பாகங்களை வைத்திருப்பதற்கு 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. நினைவுப்பொருளாக மேசைமேல் கிடக்கும் ஒற்றை வெற்று உறைக்கு இது பொருந்தலாம். ஆனால் அந்த விலக்கில் இயந்திரம் என்ற சொல் இல்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வேட்டைக் கருவிகள் பெட்டிகளுக்குள் போயின. உரிமம் பெற்றவர் இறந்தபின் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் குடும்பம், அதே பெட்டியில் கிடக்கும் பித்தளைக் கருவியை ஆயுதமாக எண்ணாமல் விட்டுவிடுவது எளிது. வைத்திருக்கும் உரிமை முடிந்த தோட்டாவையும் தாமதமின்றி ஒப்படைக்கவே 21ஆம் பிரிவு சொல்கிறது.

பொறியின் வகைகள்

1884இல் அமெரிக்காவின் ஐடியல் நிறுவனம் கொண்டுவந்த கருவி, பாக்குவெட்டி போலக் கையால் அழுத்தும் இடுக்கி வடிவம் கொண்டது. பின்னர் மேசையில் பொருத்தும் நெம்புகோல் பொறிகள் வந்தன. ஒற்றைநிலைப் பொறியில் ஓர் அச்சு மட்டுமே இருக்கும். ஒரு வேலை எல்லா உறைகளுக்கும் முடிந்தபின் அடுத்த அச்சை மாட்ட வேண்டும். சுழல்தலைப் பொறியில் எல்லா அச்சுகளும் ஒரே தலையில் இருக்கும். தொடர்நிலைப் பொறியில் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளிவரும்.

மீண்டும் தொடங்குவோருக்கு ஒற்றைநிலைப் பொறியே பரிந்துரைக்கப்படுவது வழக்கம். மருந்திட்ட உறைகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றையும் பார்க்கலாம். ஓர் உறையில் இருமடங்கு மருந்து விழுந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். தெரியாமல் போனால் துப்பாக்கியே வெடிக்கக்கூடும்.

இந்தியச் சுடுதல் சங்கங்களில் பரவலாக உள்ளவை 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியும் .22 துப்பாக்கியுமே. முன்னதற்கு வெடிமருந்து தேவையில்லை. பின்னதன் தோட்டாவில் எரியூட்டும் மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், அதை வழக்கமான பொறிகளால் மறுநிரப்ப முடியாது. எனவே சென்னையில் இக்கலைக்குத் திரும்பும் பெரும்பாலோருக்கு அழுத்துபொறி தேவைப்படுவதில்லை. அது தேவைப்படும் சிலர், பொறியின் வகையை ஆராயும் முன் உரிமத்துக்கான வழியை அறிய வேண்டியிருக்கிறது.