பேர்க்கன்கெட்டுப் பூங்கா

அரசரின் உய்யானங்களும் பிரபுக்களின் தோட்டங்களும் தொன்றுதொட்டே உள. நகரமாந்தர் பொதுப்பணங்கொண்டு தமக்கெனப் பூங்கா ஆக்கிய வரலாறோ மிகப் பிந்தியது. அவ்வரலாற்றில் முன்னிடம் பெறுவது, இங்கிலாந்திலே லிவர்ப்பூலுக்கு எதிரே, மேர்சி ஆற்றின் மறுகரையிலுள்ள பேர்க்கன்கெட்டு நகரின் பூங்காவாகும்.

நீராவிப் படகுகள் ஆற்றைக் கடக்கத் தொடங்கியபின் இச்சிற்றூர் விரைந்து வளர்ந்தது. 1843ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், பூங்காவுக்கு நிலம் வாங்கும் அதிகாரத்தை நகர ஆணையாளர்க்கு அளித்தது. அவர் வாங்கியது 226 ஏக்கர். பொதுமக்களுக்கென ஒதுக்கியது 125 ஏக்கர். எஞ்சியதை வீட்டுமனைகளாக விற்றுச் செலவை ஈடுசெய்யக் கருதினர். தொழிலாளர்க்கு நல்ல காற்றும் நிழலும் வேண்டுமென்ற அறச்சிந்தையோடு நிலவணிகக் கணக்கும் இங்குக் கைகோத்து நின்றமை மறைக்கற்பாலதன்று.

அமைப்புப் பணி யோசேப்பு பாக்ஸ்ரனிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் டெவன்சயர் கோமகனின் தலைமைத் தோட்டக்காரர். 1851இல் இலண்டன் பளிங்கு மாளிகையைச் சமைத்தவரும் இவரே. கிடைத்த நிலமோ தாழ்ந்த சதுப்புநிலம். பாக்ஸ்ரன் அக்குறையையே வாய்ப்பாக்கினார். நீரை வடித்து இரு ஏரிகளைத் தோண்டுவித்தார். தோண்டிய மண்ணை மேடுகளாகக் குவித்து மரம் நடுவித்தார். கரைகள் வளைந்து செல்வதால் ஏரி முழுவதும் ஒருங்கே கண்ணிற் படாது. காண்போர்க்கு அது நெடிய ஆறு போலத் தோன்றும். வண்டிப்பாதை புறத்தே சுற்றிச் செல்ல, நடைபாதைகள் அகத்தே தனித்துச் சென்றன. வண்டியுடையார் பார்வையினின்றும் புழுதியினின்றும் நடந்து செல்வோர் விடுபட்டனர். 1847ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் பூங்கா திறக்கப்பட்டது.

1850இல் இங்கு வந்த அமெரிக்கரான ஓம்ஸ்ரெட், எளியோரும் செல்வரும் ஒப்ப உலாவுதலைக் கண்டு வியந்தார். 1858இல் அவரும் கல்வேட் வோவும் வரைந்த திட்டமே நியூயோர்க்கு மத்திய பூங்காவுக்குத் தெரிவாயிற்று. பாக்ஸ்ரனின் பாதைப் பிரிப்பு அங்கு மேலும் வளர்ந்தது: பூங்காவைக் குறுக்கறுக்கும் நான்கு வீதிகள் நிலமட்டத்திற்குக் கீழே தாழ்த்தப்பட்டன.

ஆயினும் அந்நிலம் வெறுநிலமன்று. செனெக்கா கிராமம் என்னும் குடியிருப்பு அங்கிருந்தது. ஏறத்தாழ 225 பேர் வாழ்ந்தனர். பெரும்பாலார் கறுப்பின மக்கள், பலர் சொந்தக் காணியுடையார். தேவாலயங்களும் பாடசாலையும் இருந்தன. 1857இல் அனைவரும் அகற்றப்பட்டனர். இழப்பீடு வழங்கப்பட்டதெனினும் அச்சமூகம் மீண்டும் ஓரிடத்திற் கூடவில்லை. பூங்காவைப் புகழ்ந்த நூல்கள் நெடுங்காலம் இதனைப் பேசவில்லை. 2011ஆம் ஆண்டு அகழாய்விலேதான் அவர்தம் வீட்டு அடித்தளமும், மட்கலங்களும், இரும்புக் கேத்தலும் வெளிப்பட்டன.