தேரிகாதையில் தாய்மையும் சொல்லின் இருபொருளும்

பாலி மொழியின் குத்தக நிகாயத்தைச் சேர்ந்த தேரிகாதையில், பௌத்தத் துறவு பூண்ட பெண்களின் பெயரால் அமைந்த 73 பாடல்கள் உள்ளன. பிஷெல் இதனை 1883இல் பதிப்பித்தார். திருமதி ரைஸ் டேவிட்ஸின் ஆங்கிலச் செய்யுள் மொழிபெயர்ப்பு 1909இலும், கே.ஆர். நார்மனின் மொழிபெயர்ப்பு 1971இலும் வெளிவந்தன. இந்நூலைச் சமய வரலாற்றுச் சான்றாகவே நாம் பெரிதும் பயில்கிறோம். பெண்ணின் பட்டறிவு இதில் எச்சொற்களில் தங்கி நிற்கிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

உப்பிரி என்பாளின் பாடல் மூன்றே செய்யுட்களால் ஆனது. மகளை இழந்து சுடுகாட்டில் அரற்றும் அவளை நோக்கிப் புத்தர் பேசுகிறார். ஜீவா என்னும் பெயருடைய 84,000 பேர் இங்கு எரியுண்டனர். அவருள் எவளுக்காக அழுகிறாய் என்பது அவர் வினா. மகளின் பெயர் ‘உயிர்’ என்னும் பொதுச்சொல்லாக விரிவதில்தான் பாடலின் ஆற்றல் உள்ளது. அச்சொல்லின் விளிவடிவம் ‘வாழ்க’ என்னும் ஏவலாகவும் செவியில் படும். மகளின் பெயரைச் சொல்லி அழைப்பதும் அவளை வாழச் சொல்லி வேண்டுவதும் ஒரே ஒலியாகிவிடுகின்றன.

அவ்விளிக்கு முன் நிற்கும் சொல் ‘அம்ம’ என்பது. தாயை அழைக்கும் முறையில் மகளை அழைத்தது இது என்று உரைகாரர் தம்மபாலர் விளக்குகிறார். இவரைத் தமிழ்நாட்டோடு தொடர்புபடுத்திக் கூறும் மரபும் உண்டு. மகளை ‘அம்மா’ என்றழைக்கும் வழக்குத் தமிழில் இன்றும் உயிருடன் இருப்பதால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதனை அடிக்குறிப்பின்றியே தரலாம். ‘மகளே’ என்று திருத்துவது பொருளைத் தெளிவாக்கும். ஆனால் பெற்றவள் தான் பெற்றவளையே தாயாக்கி அழும் அழுகை மறைந்துபோகும். அவ்வழுகை நமக்குக் கிட்டுவதும் புத்தரின் கூற்றினுள் மேற்கோளாகவே என்பது நோக்கத்தக்கது. உப்பிரி தன் வாயால் பேசும் இறுதிச் செய்யுளில் நெஞ்சில் தைத்த அம்பு பிடுங்கப்பட்டுவிட்டது.

வட்டனின் தாய் பாடியதாக உள்ள பாடலில் நிலை வேறு. அங்கே தாயே மகனுக்கு ஆசிரியை. ‘வனத’ என்னும் சொல் புதரையும் பற்றையும் ஒருங்கே குறிக்க, மகன் அதில் சிக்காதிருக்க அவள் விரும்புகிறாள். அவளது அறிவுரை தார்க்கோலாக உருவகம் பெறுகிறது.

முத்தா தேரியின் பாடல் வீட்டு வேலையைத் தொடுகிறது. உரல், உலக்கை, கணவன் என்னும் மூன்று கூன்களிலிருந்தும் விடுபட்டதாக அவள் கூறுகிறாள். முத்தா என்ற பெயருக்கே விடுபட்டவள் என்பது பொருள். குற்றும்போது முதுகு வளைவதால் உரலும் உலக்கையும் கூன் எனப்பட்டன. கணவனோ உண்மையாகவே கூனன் என்பது தம்மபாலர் உரை. உரை பிழையன்று. எனினும் கணவனை உரலோடும் உலக்கையோடும் ஒரு நிரலில் வைத்த துணிவு அவ்விளக்கத்தில் தணிந்துவிடுகிறது. ‘கோணல்’ என்று பெயர்த்தால் குணக்கேடு மட்டும் தோன்றும். வளைந்த முதுகும் உடன் தோன்ற வேண்டுமாயின் ‘கூன்’ என்பதே பொருந்தும்.

சோமா தேரியை மாரன் ‘இருவிரல் அறிவினள்’ என்று இகழ்கிறான். பெண்கள் சிறுவயது முதல் சோறு சமைத்தும், வெந்ததா என்பதை அகப்பையால் எடுத்து இருவிரலால் நசுக்கியே அறிவர் என்று உரை இதற்குக் காரணம் காட்டுகிறது. சித்தம் ஒருமுகப்பட்டவிடத்துப் பெண்மை என் செய்யும் என்பது சோமாவின் மறுமொழி. ‘சிற்றறிவினள்’ என மொழிபெயர்த்தால் இகழ்ச்சி மட்டும் எஞ்சி, அடுப்படி மறைந்துவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைத் தேர்ந்த அறிவாகப் போற்றும் தமிழ் வாசகர்க்கு, அதே செயல் இங்கு வசையாக ஆளப்படுவது விளங்க வேண்டுமாயின் அவ்விரு விரல்களும் மொழிபெயர்ப்பில் இருந்தாக வேண்டும்.