ஒரே கோட்டை, இரண்டு கைதிகள்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலையில் ழூ கோட்டை நிற்கிறது. பல நூற்றாண்டுப் பழமையானது. எல்லைக் காவலுக்குக் கட்டியது, பிறகு சிறையாகவும் ஆனது.

1775இல் இங்கே அடைக்கப்பட்டவர் மிராபோ. பிரபு வீட்டுப் பிள்ளை. ஊதாரித்தனம் தாங்காமல் தகப்பனே அரசனிடம் ஆணை வாங்கிப் பிடித்துக் கொடுத்தார். சிறை என்றுதான் பெயர். கீழே பொந்தார்லியே ஊருக்குப் போய்வர அவருக்குத் தடையில்லை. விருந்துகளுக்குப் போனார். அங்கே ஒரு கிழட்டுப் பிரபுவின் இளம் மனைவியைக் காதலித்து, மறு ஆண்டு அவரோடு நாட்டை விட்டே ஓடினார். பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் பெரும் பேச்சாளர் என்று புகழ் பெற்றவர் இவர்தான்.

1802 ஆகஸ்டில் அதே கோட்டைக்கு இன்னொரு கைதி வந்தார். தூசான் லூவெர்த்யூர். அடிமையாகப் பிறந்தவர். சான் தொமிங் தீவில், அதாவது இன்றைய ஹைத்தியில், அடிமைகளின் படையை நடத்திப் பிரெஞ்சுக் குடியரசின் தளபதியாகவும் ஆளுநராகவும் உயர்ந்தவர். பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து, ஜூன் 7 அன்று வஞ்சகமாகக் கைது செய்து, கடல் கடத்திக் கொண்டுவந்தார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. நெப்போலியனின் ஆணை ஒன்றே போதுமானதாக இருந்தது.

மிராபோவுக்கு ஊர் திறந்திருந்தது. தூசானுக்கு அறையை விட்டு வெளியே வர அனுமதியில்லை. கூட வந்த பணியாளரையும் பிரித்து அனுப்பினார்கள். வெப்பத் தீவில் வாழ்ந்த மனிதருக்கு மலைக்குளிரில் விறகை அளந்து கொடுத்தார்கள். இராணுவ உடை பறிக்கப்பட்டது. தளபதி என்று அழைக்கக் கூடாது, வெறும் தூசான் என்றே கூப்பிட வேண்டும் என்று அமைச்சரிடமிருந்து உத்தரவு. பட்டத்தை உரித்து வெறும் பெயரால் கூப்பிடுவது எதற்கென்று நம்மில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அவர் நோயில் விழுந்தபோது மருத்துவரை அனுப்பவில்லை. கறுப்பர்களின் உடலமைப்பு ஐரோப்பியருடையதைப் போன்றதல்ல, ஆகவே மருத்துவரால் பயனில்லை என்று கோட்டைத் தலைவர் பாய் மேலிடத்துக்கு எழுதினார். காகிதத்தில், கையெழுத்தோடு! கொடுமையைச் செய்துவிட்டு மறைப்பார்கள் என்று நினைக்கிறோம். சரியென்று நம்புகிறவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

நெப்போலியன் ஒரு தூதரையும் அனுப்பினார். நலம் விசாரிக்க அல்ல, புதையலை எங்கே ஒளித்துவைத்தாய் என்று கேட்க. தூசானோ தான் குடியரசுக்குச் செய்த சேவைகளையே திரும்பத் திரும்பச் சொன்னார். சிறையிலேயே தன் வரலாற்றை எழுதி, என்னை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள் என்று கேட்டார். பதில் வரவில்லை. 1803 ஏப்ரல் 7 அன்று அந்த அறையிலேயே செத்துக் கிடந்தார்.

அடுத்த ஜனவரி முதல் நாள் ஹைத்தி சுதந்திர நாடானது. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, நிலத்தையும் அடிமைகளையும் இழந்த ஆண்டைகளுக்கு ஈடாக 15 கோடி ஃபிராங்கு கேட்டது. கோட்டையில் தேடிய புதையலை ஹைத்தி மக்களிடமே வசூலித்துக்கொண்டார்கள்.

1998இல் பாரீசின் பாந்தியோன் நினைவாலயத்தில் தூசானின் பெயரைப் பொறித்தார்கள். கோட்டைத் தேவாலயத்தில் புதைத்த எலும்புகள், பின்னாளில் கோட்டையை மாற்றிக் கட்டியபோது காணாமல் போயிருந்தன.