மூங்கிலில் தேறல், இரும்பில் பெட்ரோல்!

சங்ககாலத்து மலைவாசி மதுவை முதிர வைக்க எந்தப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தான் தெரியுமா? மூங்கில் குழாய்! தேனில் செய்த தேறலை அதில் ஊற்றி விளையவிடுவான். 'மலைபடுகடாம்' இதைச் சொல்கிறது. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் தேனுக்கா பஞ்சம், மூங்கிலுக்கா பஞ்சம்? ஓரியின் விருந்தாளிகள் என்ன குடித்திருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

ஆல்கஹாலுக்கு ஏற்ற பாத்திரம் எது? அதே கேள்வி இப்போது வேறு வேஷத்தில் மலையேறுகிறது, பெட்ரோலில் கலந்து!

சுதந்திரம் வாங்கிய கையோடு, 1948-லேயே இதற்காக 'பவர் ஆல்கஹால் சட்டம்' வந்துவிட்டது. 2000-ல் அதை ரத்து செய்தார்கள். மூன்றே வருடத்தில் மறுபடி ஆசை! 2003 ஜனவரியில் தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் 5 சதவிகிதக் கலப்பு. 2022-ல் 10. 2025-ல் 20. கரும்பு மட்டுமல்ல, மரவள்ளியும் இதற்கு மூலப்பொருளாகலாம் என்றது 2018-ன் உயிரி எரிபொருள் கொள்கை. கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் பயிரிடுவதும், கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போவதும் அதே மரவள்ளிதான்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். பெட்ரோலும் தண்ணீரும் ஜென்மப் பகையாளிகள். பங்க்கின் பூமிக்கடியில் இருக்கும் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினாலும், அது தனியாக அடியில் கிடக்கும். குச்சியில் பேஸ்ட் தடவி இறக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். எத்தனால் அப்படியில்லை. தண்ணீரைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும்! 10 சதவிகிதக் கலவையில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர்வரை சத்தமில்லாமல் கரையும். அதைத் தாண்டினால் பெட்ரோலைக் கைவிட்டு, தண்ணீரோடு கைகோத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். மேலே மிஞ்சுவது சத்துக் குறைந்த பெட்ரோல். எவ்வளவு கலக்கினாலும் பழையபடி சேராது. அத்தனையும் நஷ்டம்!

குளிர் கூடக்கூட இந்தத் தாங்குசக்தி குறையும். ஆயிரம் மீட்டருக்கு மேலே, பனியும் மழையுமாக இருக்கிற ஊரில் தொட்டி புதைப்பவர் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

இரும்புத் தொட்டி கூடாதா? தாராளமாகக் கூடும், உள்ளே ஈரம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அடியில் தங்குகிற அந்த எத்தனால் தண்ணீர் இரும்பையே அரித்துவிடும். துத்தநாகம், ஈயம், பித்தளை எல்லாம் அதனிடம் இன்னும் மோசமாக அடிவாங்கும். சில பழைய ஃபைபர் தொட்டிகளின் பிசினும் இளகிப்போகும்; எத்தனாலைத் தாங்கும் பிசின்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு வம்பு: எத்தனால் பழைய துருவையும் வண்டலையும் பெயர்த்தெடுத்து ஃபில்டரை அடைக்கும். ஆகவே பழைய தொட்டியென்றால் கழுவி, காயவைத்து, பிறகுதான் ஊற்ற வேண்டும். குச்சியில் தடவும் பேஸ்ட்டும் எத்தனாலுக்கென்றே தயாரானதாக இருக்கட்டும். சாதாரண பேஸ்ட் ஏமாந்துபோகும்.

மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நிற்கிறதே உங்கள் பைக்... அதன் வயிற்றில் இருப்பதும் ஒரு தொட்டிதான். மூடியின் ரப்பரைக் கொஞ்சம் பாருங்கள்.