தஞ்சைத் தளிச்சேரிக் கல்வெட்டும் பணியாளர் மேலாண்மையும்

முன்னுரை

பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் ஆன்றி ஃபயோல் 1916இல் நிருவாகத்தை ஐந்து பணிகளாக வகுத்தார். ஒழுங்கமைத்தலும் கட்டுப்படுத்தலும் அவற்றுள் அடங்கும். நியாயமான ஊதியத்தையும் பணி நிலைப்பையும் அவர் நெறிமுறைகளாகக் கொண்டார். இக்கருத்துகளை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்னும் கூற்று இன்று பரவலாக எடுத்தாளப்படுகிறது. முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டு வரையிலான செய்தியைக் கூறும் தஞ்சைப் பெரிய கோயில் தளிச்சேரிக் கல்வெட்டைக் கொண்டு அக்கூற்றின் பொருத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒழுங்கமைப்பு

பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கல்வெட்டு பட்டியலிடுகிறது. தெரு, சிறகு, வீட்டின் வரிசை, பெயர், முன்பிருந்த கோயில் என்னும் முறையில் ஒவ்வொருவரும் குறிக்கப்பெறுகின்றனர். நட்டுவர், பாடுவார், கணக்கர், தச்சர், தையலர் முதலியோரும் பணிவாரியாக இடம்பெறுகின்றனர்.

ஊக்கமும் கட்டுப்பாடும்

தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு வழங்கப்பட்டது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஏனையோர்க்குப் பணிக்கேற்பப் பங்கு கூடியும் குறைந்தும் அமைந்தது.

பணியாளர் இறந்தாலோ வேற்றிடம் சென்றாலோ அவர்தம் நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடையவரை அமர்த்திப் பணி செய்வித்தல் வேண்டும். உறவினரே இல்லாதவிடத்து உடன் பணிபுரிவோர் தக்கவரை அமர்த்துவர். குடும்பத்திற்குக் கிடைத்த வாழ்வுறுதி ஊக்கமாயிற்று. தகுதி விதி கட்டுப்பாடாயிற்று. இரண்டும் ஒரே விதியில் பிணைக்கப்பட்டமையே இவ்வேற்பாட்டின் தனித்தன்மையாகும். தேர்வுப் பொறுப்பின் ஒரு பகுதி பணியாளரிடமே விடப்பட்டதும் கருதத்தக்கது.

வரம்புகள்

எனினும், ஃபயோலின் கருத்துகளை இக்கல்வெட்டில் அப்படியே காண்பது பொருந்தாது. 400 பெண்டுகளுக்கும் ஒரே அளவு நெல்லே விதிக்கப்பட்டது. திறன் மிக்கார்க்குக் கூடுதல் பங்கு இல்லை. பழைய கோயிலை விட்டு வர அவர்கள் இசைந்தனரா என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. அதில் ஒலிப்பது ஆணையிட்டவர் குரலேயன்றிப் பணியாளர் குரலன்று. மேலும், அது விதித்ததைச் சொல்கிறதே ஒழிய, நடந்ததைச் சொல்லவில்லை.

முடிவுரை

சோழர்காலக் கோயில் பெருந்தொகையான பணியாளரைத் திட்டமிட்டு நிருவகித்தது என்பது உறுதி. அதனை நவீன மேலாண்மையின் முன்னோடி எனப் போற்றுவதினும், மரபுரிமையையும் தகுதியையும் இணைக்க முயன்ற ஓர் அரசாணையாக வாசிப்பதே சான்றுக்கு நேர்மையானதாகும்.